மிஸ்டர் விரும்பியின் புகார்

1

போன மாதம் எங்கள் வீட்டு விலாசத்துக்கு, மிஸ்டர் விரும்பி என்பவர் பெயரில், காவல்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் மூன்றே பேர். நான் சகாய செல்வன், வயது நாற்பத்தேழு. மனைவி ஷைனி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் அனிஷாவுக்குப் பதின்மூன்று வயது. விரும்பி என்று யாரும் கிடையாது. ஆனாலும் ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று எழுதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. அந்த விரும்பி நான்தான்.

நான் எப்படி விரும்பி ஆனேன் என்பதில் பாதிக் கதையைப் பாக்கியநாதன் ஏற்கெனவே எங்கள் ஊரான கருங்கலில் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். சந்தையில் நான் வைத்திருந்த கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் அவன். பத்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அவன் சொன்ன கதையில் நான் லண்டன் போலீசை கோர்ட்டுக்கு இழுத்துவிட்டதாக இருக்கிறதாம். நான் லண்டனிலும் இல்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. ஆகவே நானே எழுதிவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். போலீஸ் சம்பந்தப்பட்ட காரியம், எழுத்தில் கிடக்கக் கூடாது. கதை முழுக்க இந்தப் பயத்தைப் பற்றியதுதான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் சைக்கிள் பாதையை அடைத்து நிற்கப்போகும் போலீஸ் கார் இப்போது அங்கே நிற்பதில்லை. கார் போச்சா இல்லையா என்று தெரியாமல் நம் ஊர்க்காரர்களுக்குச் சாயா இறங்காது.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது ஷைனியின் தயவில். நம் மாவட்டத்தில் நர்ஸைக் கட்டியவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் உலகம் பூராவும் பரவிக் கிடக்கிறோம். குடை, பாய், பிளாஸ்டிக் வாளி என்று கடை போட்டு, ‘முதலாளி’ என்று நாலு பேர் கூப்பிட இருந்தவன், விசாத் தாளில் ‘மனைவியைச் சார்ந்தவர்’ ஆனேன். இப்போது ஒரு பெரிய கடையின் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. பெட்டிகள் கடன் கேட்பதில்லை.

வேலைக்குப் போவது சைக்கிளில். உடம்புக்கு நல்லது என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம், கார் ஓட்டும் தேர்வில் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். முதல் தடவை, வளைவு வந்த இடத்தில் எல்லாம் ஹாரன் அடித்தேனாம். இரண்டாம் தடவை, பின்னால் வந்தவருக்குக் கையை வெளியே நீட்டி ‘போ, போ’ என்று காட்டினேனாம். மூன்றாம் தடவை, ஆளே இல்லாத ரோட்டில் காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தேனாம். ஆளில்லாத ரோட்டில்தானே ஆடு குறுக்கே வரும்? அதைத் தேர்வாளரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

அனிஷாவின் பள்ளிக்கூடமும் அதே வழி. அதனால் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். ரோட்டின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று பச்சை நிறம் அடித்து ஒரு பாதை விட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் அந்தப் பச்சையைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கருங்கல் சந்தை நாளில் பஸ்ஸுக்கும் மீன் வண்டிக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தவனுக்கு, ‘இந்த ஒன்றரை மீட்டர் உனக்கு’ என்று ஒரு அரசாங்கம் சொன்னால் எப்படி இருக்கும்! பாதைக்கு இந்தப் பக்கம் நடைபாதை, அந்தப் பக்கம் பஸ் போகும் ரோடு. காற்று மட்டும் ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி எதிரே நின்று தள்ளும். அதற்கு எந்த அரசாங்கமும் ஒன்றும் செய்ய முடியாது.

பாதி வழியில் ஒரு பேக்கரி. இறைச்சியை மாவில் சுருட்டிச் சுட்ட ஒரு பதார்த்தம் அங்கே பிரசித்தம். தினமும் காலை எட்டேகால் மணிக்கு, மஞ்சளும் நீலமும் கட்டம் போட்ட போலீஸ் கார் அந்தப் பேக்கரிக்கு முன்னால், சரியாகப் பச்சைப் பாதையின் மேல் வந்து நிற்கும். ஒருவர் உள்ளே இருப்பார், ஒருவர் பதார்த்தம் வாங்கப் போவார்.

வேறு கார் எதுவும் அங்கே நின்றால் தொலைந்தது. அபராதச் சீட்டு ஒட்டுகிற பெரியவர் ஒருவர் மழையிலும் வருவார். முன்னால் நிற்கும் காருக்கு ஒரு சீட்டு, பின்னால் நிற்கும் காருக்கு ஒரு சீட்டு. நடுவில் நிற்கும் போலீஸ் காரைக் கோயில் பலிபீடத்தைச் சுற்றுவது போலப் பணிவாகச் சுற்றிக்கொண்டு போவார். அவரைப் பார்க்கும்போது மட்டும் இது நம் ஊர்தான் என்று எனக்கு நெருக்கமாகத் தோன்றும்.

சைக்கிள்காரர்களுக்கு இரண்டே வழி. காரைச் சுற்றி ரோட்டுக்குள் இறங்கிப் பஸ்ஸுக்கு முன்னால் போக வேண்டும். இல்லையென்றால் இறங்கி நடைபாதையில் உருட்ட வேண்டும். சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் திரும்பிப் பார்க்காமலே ரோட்டுக்குள் பாய்வார்கள். முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை வைத்து மிதிக்கும் ஒரு அம்மா, நின்று, பின்னால் பார்த்து, மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இந்த ஊர்க்காரர்கள் கோபத்தையும் வானிலையைப் பற்றிப் பேசித்தான் தீர்ப்பார்கள்.

நான் எப்போதும் இறங்கி உருட்டுகிற கட்சி. அதற்கு வேறு காரணம் உண்டு.

3

நாங்கள் பிளஸ் டூ படித்த காலத்தில் என்னிடம் சைக்கிள் இருந்தது, பாக்கியநாதனிடம் இல்லை. தினமும் டபுள்ஸ். டபுள்ஸ் போகக் கூடாது, விளக்கு இல்லாமல் போகக் கூடாது என்று சட்டம். பிடித்தால் நம் ஊர் ஏட்டய்யாமார் திட்டக்கூட மாட்டார்கள். பேசாமல் குனிந்து, இரண்டு சக்கரத்திலும் வால்டியூபைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அத்தோடு விசாரணை முடிந்தது. அப்புறம் சைக்கிள் கடைவரை உருட்டு.

எங்கள் வழியில் ஒரு காவல் நிலையம் இருந்தது. எது என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. அதற்கு இருபதடி முன்னாலேயே எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள். டபுள்ஸ் போகிறவர் மட்டுமல்ல, தனியாக, விளக்கோடு, சட்டப்படி போகிறவரும் இறங்குவார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, நிலையத்தைத் தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போய், இருபதடி தள்ளி மறுபடி ஏறுவார்கள். என் அப்பா, பஞ்சாயத்து மெம்பர், அவரும் இறங்குவார். “எதுக்கு இறங்கணும்?” என்று ஒரு தடவை கேட்டேன். “இறங்குனா நமக்கு என்ன கொறஞ்சா போவும்?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இங்கே முதல் நாள் அந்தக் கட்டம் போட்ட காரைப் பார்த்ததும் என் கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. வேட்டி இல்லாததால் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டேன். நடைபாதையில் ஏறி, உள்ளே உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கு ஒரு கும்பிடுக்கும் தலையாட்டலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றைச் செய்து, இருபதடி தள்ளிப் போய் ஏறினேன். அவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார். இப்படியே இரண்டு வருஷம் நல்லுறவோடு போயிற்று.

அனிஷாவுக்கு மட்டும் இது பிடிக்காது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். “அப்பா, அது நம்முடைய பாதை” என்பாள். “மக்கா, போலீசுக்கு எல்லாம் அவங்களுக்க பாதையாக்கும்” என்பேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையில், கருங்கலும் நானும் சேர்ந்து வெகுதூரத்தில் நிற்பது தெரியும்.

4

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு ரோடு ஈரமாகக் கிடந்தது. நான் முன்னால், அவள் பின்னால். கார் நின்றது. வழக்கம்போல இறங்கி, ஜிப்பை இழுத்து, நடைபாதையில் ஏறினேன். அனிஷா இறங்கவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி தோளுக்குப் பின்னால் பார்த்து, வலது கையை நீட்டி, காரைச் சுற்றிப் போனாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவள் காரின் பக்கவாட்டில் வந்த நேரம் பார்த்து, உள்ளே இருந்தவர் கதவைத் திறந்தார்.

கதவுக்கு விலகி ரோட்டின் நடுவுக்குப் போனாள். ஈரத்தில் சக்கரம் வழுக்கிற்று. பின்னால் பஸ்.

அதற்கப்புறம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பஸ்ஸின் பிரேக் சத்தம். அனிஷாவின் நீலப் பை ரோட்டில் கிடந்தது. அடுத்தது, அவள் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கையில் ரத்தம், அந்தப் போலீஸ்காரர் குனிந்து பார்க்கிறார். இன்னொருவர் பேக்கரிப் பொட்டலத்தோடு ஓடி வருகிறார். அப்புறம் என் குரல். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. “சாரி சார். சாரி சார். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள், சாரி சார்.”

அவர் நல்ல மனுஷர்தான். “பரவாயில்லை, இனிமேல் பார்த்துப் போகணும், செல்லம்” என்று அனிஷாவின் ஹெல்மெட்டைத் தட்டிக்கொடுத்தார். காரில் ஏறிப் போனார்கள்.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டு திரும்பும்போது அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். “பதினோரு தடவை சாரி சொன்னீர்கள். எண்ணினேன்.” அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஷைனி முழங்கையைக் கழுவிக் கட்டுப் போட்டாள். ஆஸ்பத்திரியில் சைக்கிளில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். ஒன்றும் கத்தவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் அனிஷாவின் சைக்கிளை வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “அந்தக் காரு அங்க நிக்காதுன்னு யாராவது எழுதித் தரட்டும். அதுக்குப் பெறவு எடுத்தா போதும்.”

“அப்போ நான்?” என்று கேட்டேன்.

“நீங்க எப்படியும் நடைபாதையில தானே போறீங்க.”

மறுநாள் முதல் அனிஷா நடந்து போனாள். நாற்பத்தைந்து நிமிஷ நடை. பஸ் வேண்டாம் என்றாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட வருகிறேன் என்றதற்குக் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டாள். நான் தினமும் அவளைக் கடந்து போனேன். மணி அடித்தாலும் திரும்ப மாட்டாள். சைக்கிள் போனதைவிட எனக்கு அந்த முதுகுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அவளுக்கு என் மேல் இருந்தது கோபம் என்றால் ஆறும். மதிப்பே போய்விட்டது என்றால் நான் என்ன செய்வேன்?

5

பாக்கியநாதனைப் போனில் கூப்பிட்டேன். அவன் கடையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

“மக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல?”

“முழங்கை உரசியிருக்கு. அவ்வளவுதான்.”

“தெய்வம் காத்துச்சு. கேட்டியா, நேர்ல போய் நிக்காண்டாம். போலீசு எந்த ஊருன்னாலும் போலீசுதான். ஒரு மொட்டைக் கடுதாசி போடு. நம்ம சந்தையில ஓடைய மூட வச்சது எதுல? மொட்டைக் கடுதாசியில. நகல் நாலு பேருக்குப் போடணும். நகலு பாத்தாதான் அவனுவ பேடிச்சு நடுங்குவானுவ.”

கருங்கலில் எனக்கும் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது என்னவென்றால்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். தங்கள் துறையின் வாகனம் தினமும் பச்சைப் பாதையில் நிறுத்தப்படுவதால் பச்சைக் குழந்தைகள் பஸ்ஸின் வாய்க்குள் போக வேண்டியிருக்கிறது என்றும், ஒரு பெண்பிள்ளை மயிரிழையில் பிழைத்தது என்றும், பதார்த்தம் வாங்குவதற்கு நாங்கள் எதிரி அல்ல என்றும் விளக்கினேன். கடைசியில் முறைப்படி ‘இப்படிக்கு, ஒரு பொதுநலன் விரும்பி’.

நகல்: மேயர், தொகுதி எம்.பி., பள்ளித் தலைமையாசிரியர், மறைமாவட்ட ஆயர். ஆயருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நம் ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் நகல் ஆயர் இல்லத்துக்குத்தான் முதலில் போகும்.

நகல்களைத் தபாலுக்கு எடுத்து வைத்தேன். அசலைத் தபாலில் வாங்க மாட்டார்களாம், கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் ‘முதற்பெயர்’ கேட்டது. காலியாக விட்டேன். சிவப்பாக முறைத்தது. யோசித்து, ‘பொதுநலன்’ என்று போட்டேன். ‘குடும்பப் பெயர்’ கேட்டது. ‘விரும்பி’. விலாசம் கேட்டது. அஞ்சல் எண்ணைப் போட்டதும் அதுவே எங்கள் தெருவை எடுத்துக் காட்டி, எந்த வீடு என்று மரியாதையாகக் கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது எப்படிப் பொய் சொல்வது? எங்கள் வீட்டு எண்ணைத் தொட்டேன். அசலில் போட்ட விலாசத்தை நகல் உறைகளிலும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

விஷயத்தைப் பாக்கியநாதனிடம் சொன்னேன்.

“லேய், மொட்டைக் கடுதாசியில வெலாசம் போட்டவன் ஒலகத்துலயே நீயாக்கும் மொதல் ஆளு.”

பத்து நாளில் பதில் வந்தது. ‘அன்புள்ள மிஸ்டர் விரும்பி, உங்கள் பொறுமைக்கு நன்றி. எங்கள் அதிகாரி ஒருவர் நேரில் சென்று பார்வையிட்டதில், மேற்படி பாதையில் எந்தத் தனியார் வாகனமும் நிற்கவில்லை என்று தெரிகிறது.’

அந்தப் பார்வையிடலை நான் பார்த்தேன். வேலைக்குப் போகிற வழியில், நடைபாதையில், சைக்கிளும் கையுமாக நின்றே பார்த்தேன். அதிகாரி காரில் வந்தார். காரைப் பச்சைப் பாதையில் நிறுத்தினார். இறங்கி, பாதையை மேலும் கீழும் கவனமாகப் பார்த்தார். தன் கார் மறைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டு படம் எடுத்தார். பேக்கரிக்குள் போனார். பொட்டலத்தோடு வந்தார். போனார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

அத்தோடு முடிந்திருக்கும். மேயரும் எம்.பி.யும் பதில் போடவில்லை. தலைமையாசிரியர் சாலைப் பாதுகாப்பு பற்றி ஒரு வண்ணத் தாள் அனுப்பினார். ஆயர் இல்லத்திலிருந்து மட்டும் ஒரு செயலாளர், அடிபட்ட பிள்ளைக்காக ஜெபிப்பதாகவும், என் கடிதத்தைக் காவல்துறைத் தலைமைக்கு அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அடுத்த வாரம்தான் காவல்துறையின் இரண்டாவது கடிதம் வந்தது. நான் முதலில் சொன்ன கடிதம். ஒரு சார்ஜென்ட் வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து மிஸ்டர் விரும்பியிடம் வாக்குமூலம் வாங்குவார். மிஸ்டர் விரும்பி பேச விரும்பாவிட்டால் புகார் முடித்துவைக்கப்படும்.

“போலீசு வீட்டுக்கு வாறாங்க” என்று பாக்கியநாதனிடம் சொன்னேன்.

“ரெண்டு நாள் மாறி நில்லு மக்கா” என்றான். “அந்த ஊர்ல முன்ஜாமீன் கிட்டுமா?”

6

கருங்கலில் என் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது, அப்பா பக்கத்து வீட்டிலிருந்து நல்ல நாற்காலி வாங்கி வந்தார். தெருவே கையில் ஏதோ வேலையோடு வாசலுக்கு வந்து நின்றது. அதற்கப்புறம் ஒரு மாதம், செல்வன் என்ன செய்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இங்கே யாரும் வாசலுக்கு வரவில்லை. எதிர்வீட்டுத் திரை மட்டும் ஒரு விரற்கடை விலகியது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, எங்கள் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதற்கு.

ஷைனி சாயாவும், மற்ற ஊர்க்காரர்கள் அச்சு முறுக்கு என்று சொல்கிற அச்சப்பமும் எடுத்து வைத்திருந்தாள். அனிஷா பள்ளியிலிருந்து நடந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் மீசைக்காரர் ஒருவரை எதிர்பார்த்துத் தயாராகியிருந்தேன். வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஷூவைக் கழற்றவா என்று கேட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து, “மிஸ்டர் விரும்பி?” என்றார்.

“அவர் வெளியே போயிருக்கிறார்” என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. ஷைனி அச்சப்பத் தட்டோடு அப்படியே நின்றாள்.

“எப்போது வருவார்?”

“தெரியாது. சொல்லிவிட்டுப் போகவில்லை.”

“அப்படியானால் இதை முடித்துவைக்க வேண்டியதுதான். மன்னிக்க வேண்டும்.” நோட்டை மூடித் தொப்பியை எடுத்தார்.

அனிஷா எழுந்து மாடிக்குப் போக ஆரம்பித்தாள். கதவைச் சாத்தவில்லை, முனகவில்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்கிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு படியாக ஏறினாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“வந்துவிட்டார்” என்றேன்.

சார்ஜென்ட் வாசலைப் பார்த்தார்.

“நான்தான். நான்தான் விரும்பி. என் பெயர் சகாய செல்வன்.” கேட்காமலே அப்பா பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர் எல்லாம் சொன்னேன். கருங்கல் என்பதை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பெயர் போடாமல் கடிதம் எழுதுவது எங்கள் பக்கத்துப் பழக்கம் என்றும், விரும்பி என்றால் நன்மை நினைப்பவர் என்றும் விளக்கினேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவருக்கு அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

“விபத்து நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“நடைபாதையில்.”

“ஏன்?”

“உங்கள் காரைப் பார்த்து இறங்கினேன்.”

“எங்கள் கார் பாதையை அடைத்திருந்ததால்.”

“இல்லை. அது போலீஸ் கார் என்பதால்.”

அவருக்குப் புரியவில்லை. வால்டியூபைப் பற்றிச் சொன்னேன். இருபதடியைப் பற்றிச் சொன்னேன். அப்பா வேட்டியை அவிழ்த்துவிட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் இங்கிலீஷ் தேய்ந்துகொண்டே வந்தது. “எனக்குப் போலீஸ் என்றால் பயம்” என்றேன். “நான் உங்களுக்கு மரியாதை செய்துகொண்டு நின்றேன். என் பிள்ளை தனியாக ரோட்டில் போனாள். விழுந்தபோது நான் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் ஆளிடம் சாரி சொன்னேன். அதுதான் நான் செய்தது.” பெற்ற பிள்ளை கேட்க இதைச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

“அப்படி இல்லை” என்று மாடிப்படியிலிருந்து சத்தம் வந்தது.

அனிஷா இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சார்ஜென்ட்டிடம் ஆங்கிலத்தில், வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி, வரிசையாகச் சொன்னாள். “நான் விழுந்ததும் பஸ் வந்துகொண்டிருந்தது. அப்பா தன் சைக்கிளைத் தூக்கி ரோட்டில் எறிந்தார். ஓடி வந்து எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றார். இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். ‘லேய், நிறுத்துலே’ என்று கத்தினார். பஸ் நின்ற பிறகும் கத்திக்கொண்டிருந்தார். பஸ் கண்ணாடி அவர் மூக்குக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தது.” விரல்களால் காட்டினாள். அச்சப்பம் அளவு இடைவெளி.

“அவர் சொன்னதை எப்படி எழுதுவது?” என்று சார்ஜென்ட் கேட்டார்.

அனிஷா எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ‘லேய்’ உட்பட.

எனக்கு இதெல்லாம் செய்தி. ஷைனியைப் பார்த்தேன். அவளுக்கும் செய்திதான் என்பது முகத்தில் தெரிந்தது.

“இது சரியா, சார்?” என்றார் சார்ஜென்ட்.

“எனக்கு நினைவில்லை.”

“எனக்கு நினைவிருக்கு” என்றாள் அனிஷா. என் பக்கம் திரும்பி, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, தமிழில், சுத்தமான கருங்கல் தமிழில் சொன்னாள். “பஸ்ஸையே நிறுத்துன ஆளு, எதுக்கு அந்த ஆளுகிட்ட சாரி சொல்லணும்? அதாக்கும் எனக்குக் கோவம்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். முழங்கையில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்திருந்தது. பிள்ளை என்ன சொன்னாள் என்று சார்ஜென்ட் கேட்டார். ஷைனிதான் மொழிபெயர்த்தாள்.

அவர் அதையும் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்த நேரத்து ரோந்துக்காரர்களிடம் நாளைக்கே பேசுவதாகவும், பேசியதை எழுத்தில் அனுப்புவதாகவும் சொன்னார். அச்சப்பம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து, “எங்கள் துறையின் சார்பில் சாரி, மிஸ்டர் செல்வன்” என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது. ‘சாரி சார்’ என்பதன் முதல் எழுத்து நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அனிஷா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்லை” என்றேன். “இனிமேல் பார்த்து நிறுத்தணும்.”